வீட்டைத் தூக்கின இடியப்ப மெஷின்

சனிக்கிழமை காலமை எனக்குத் தந்த வேலை ஒண்டே ஒண்டுதான். தமிழ்க் கடைக்குப் போய் ஒரு இடியப்ப உரல் வாங்கிக்கொண்டு வாறது.

பஸ்ஸில ஏறினால் கடை. திரும்ப ஏறினால் வீடு. மூளை இல்லாதவனும் செய்யக்கூடிய வேலை.

எனக்கு மூளை இருக்கெண்டு நான் நினைச்சதாலதான் இவ்வளவும் நடந்தது.

தொண்ணூறுகளின்ர நடுவில நடந்த கதை இது. ரொறன்ரோவில, வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு வீட்டு பேஸ்மென்றில நானும் மனுசி சுகந்தியும் வாடகைக்கு இருந்தம். அண்டைக்கு இரவு சுகந்தியின்ர சிநேகிதியின்ர மகளுக்குப் பிறந்தநாள். பெரிய மண்டபம் எடுத்துச் செய்யினம். "இடியப்பம் ஒருத்தரும் வெளியால வாங்க வேண்டாம், நான் கொண்டுவாறன்" எண்டு சுகந்தி போனில சொல்லிப்போட்டா.

சொல்லிப்போட்டு போனை வைச்ச கையைப் பாத்தால் மணிக்கட்டு வீங்கிக் கிடக்குது. பக்டரியில பெட்டி மடிச்சு மடிச்சு வந்த வீக்கம்.

"இந்தக் கையால மர உரலை அமத்தேலாது. கைப்பிடியைச் சுத்திப் பிழியிற பித்தளை உரல் ஒண்டு கடைக்கு வந்திருக்காம். ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வாங்கோ" எண்டா.

"சுத்துறதுக்கும் கைதானே வேணும்?" எண்டன் நான்.

"வேற என்னத்தால பிழியப்போறியள்? காலாலயோ?"

அந்த இடத்திலதான் எனக்கு ஞானம் பிறந்தது.

நான் அப்ப மிசிசாகாவில ஒரு பிளாஸ்ரிக் பக்டரியில வேலை. அங்க ஒரு பெரிய அமத்திற மெஷின் இருந்தது. ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், மேலயிருந்து இரும்பு இறங்கி 'டங்' எண்டு அமத்தும். போத்தல் மூடி மூடியா வந்து விழும். ஆளுக்கு வேர்வையும் இல்லை, மணிக்கட்டும் வீங்காது.

நான் அந்த மெஷினை ஓட்டினவன் எண்டு நினைச்சிடாதேங்கோ. விழுற மூடியளைப் பொறுக்கிப் பெட்டிக்குள்ள போடுறவன். ஆனால் கனகாலம் பக்கத்தில நிண்டதால அந்த அறிவு எனக்கும் தொத்தியிருக்கும் எண்டு ஒரு நம்பிக்கை.

"உரல் வேண்டாம். நான் மெஷின் செய்யிறன்" எண்டன்.

சுகந்தி என்னைப் பாக்கேல்லை. யன்னலைப் பாத்தா.

அந்த யன்னலுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. குளிர் வராமல் இருக்க நான் அதுக்குப் பிளாஸ்ரிக் அடிச்சனான். குளிர் வந்தது. ஆனால் கோடை வந்தும் யன்னல் திறக்கேல்லை. அதுக்கு முதல் கோட் ஹாங்கரை வளைச்சு ரீவிக்கு அன்ரனா செய்தனான். படம் வரேல்லை. பக்கத்து வீட்டுக்காரி தன்ர தங்கச்சியோட போனில கதைக்கிறது மட்டும் வடிவாக் கேட்டுது. சுகந்திக்கு அது பிடிச்சிருந்தது எண்டபடியால் அதைத் தோல்விக் கணக்கில நான் சேர்க்கிறேல்லை.

உடன குகனுக்குப் போன் அடிச்சன். குகன் என்னோட வேலை செய்யிறவன். அஜக்ஸில புதுசா வீடு வாங்கினவன். வீடு வாங்கின நாள் தொடக்கம் பெல்ற்றில ஒரு அளவு ரேப்பைக் கொழுவிக்கொண்டுதான் திரிவான். கோயிலுக்கும் அப்பிடித்தான் வருவான்.

"குகன், உன்னட்டை ஜக் இருக்கோ?"

"எது, தண்ணி வாக்கிற ஜக்கோ?"

"கார் தூக்கிற ஜக் மச்சான்."

"ஏன், ரயர் காத்துப் போட்டுதோ?"

"இல்லை. இடியப்பம் பிழிய."

புத்தியுள்ள ஆரும் அந்த இடத்தில போனை வைச்சிருப்பினம்.

"ஹைட்ரோலிக் எண்டால் பறவாயில்லையோ?" எண்டு கேட்டான் குகன்.

சிநேகிதம் எண்டால் அதுதான்.

குகன் வர முந்தி எங்கட வீட்டுக்கார அண்ணை படியால இறங்கி வந்தார். பரமலிங்கம் அண்ணை. மேல் வீட்டில அவரும் அன்ரியும். நல்ல மனிசர், ஆனால் வீட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எங்களுக்குக் கால் கடுக்கும்.

"தம்பி, இண்டைக்குப் பின்னேரம் வீடு பாக்க ஆக்கள் வருகினம். மிசிசாகாக்காரர். வீட்டைச் சோதிக்கிற இன்ஸ்பெக்ரரையும் கூட்டிக்கொண்டு வருவினம். விலை சரிவந்தால் நாங்களும் அஜக்ஸுக்குப் போயிடுவம்."

"அப்ப நாங்கள் அண்ணை?"

"அது வாங்கிறவையின்ர விருப்பம். நான் சொல்லிப் பாக்கிறன். நீங்கள் நல்ல ஆக்கள் எண்டு அவைக்குப் படோணும். சத்தம் சிலமன் இருக்கக் கூடாது. மீன் பொரிக்கக் கூடாது. விளங்குதோ?"

சுகந்தியின்ர முகம் கறுத்துப்போச்சு. அந்தக் குளிருக்க வேற வீடு தேடி அலையிறதெண்டால் லேசே? அண்ணை போனாப்பிறகு எனக்குச் சொன்னா:

"இண்டைக்கு ஒரு நாளைக்கெண்டாலும் பேசாமல் இருங்கோ. அவைக்கு எங்களைப் பிடிக்கோணும்."

"பிடிக்கும். ஒரு மெஷின் வைச்சிருக்கிற குடும்பத்தை ஆருக்குத்தான் பிடிக்காது?"

எங்கட பேஸ்மென்றைப் பற்றியும் இந்த இடத்தில சொல்லோணும். அது முழுக்க பரமலிங்கம் அண்ணை தன்ர கையாலேயே கட்டினது. "ஒரு கொன்ட்ராக்ரரைக்கூட வாசல் மிதிக்க விடேல்லை தம்பி" எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லுவார்.

அவர் சொல்லாட்டியும் தெரியும். பாத்ரூம் கதவு பாதிதான் திறக்கும், மிச்சப் பாதிக்குக் கொமட் நிக்குது. நாங்கள் பக்கவாட்டில நுழைஞ்சு பழகிட்டம். பாத்ரூம் லைற்றின்ர சுவிச் எங்கட வீட்டிலயே இல்லை. அது மேல, அன்ரியின்ர குசினிக்குள்ள!

"வயர் அங்காலதான் இழுக்கச் சுகமாயிருந்தது" எண்டு அண்ணை விளக்கம் தந்தவர்.

அதால எங்களுக்குள்ள ஒரு ஒழுங்கு. லைற் வேணுமெண்டால் தும்புத்தடியால சீலிங்கில ஒரு தட்டு. அன்ரி போடுவா. முடிஞ்சால் ரெண்டு தட்டு. அன்ரி நூத்து விடுவா. அவை கலியாண வீடுகளுக்குப் போற நாளில நாங்கள் மெழுகுதிரியில குளிப்பம்.

சரி, மெஷினுக்கு வாறன்.

குகன் ஜக்கோட வந்தான். கட்டைக் குட்டையா, போத்தல் மாதிரி ஒரு ஜக். தடியைப் போட்டு மேலயும் கீழயும் ஆட்ட நடுவில இருந்து இரும்புத் தண்டு எழும்பும்.

"லொறியையே தூக்கும்" எண்டான்.

திட்டம் சிம்பிள். ஸ்ரூலில ஒரு ஓட்டை வெட்டிறது. ஓட்டைக்கு மேல மாவோட எங்கட மர உரல். உரலின்ர அமத்திற கட்டைக்கு மேல ஜக். ஜக்குக்கும் சீலிங்குக்கும் இடையில ஒரு மரக்கட்டை. ஜக் எழும்ப வெளிக்கிடும். மேல சீலிங் விடாது. அப்ப வேற வழியில்லாமல் கீழதான் அமத்தோணும். உரலுக்கால நூல் நூலா இடியப்பம் தட்டில விழும்.

"இது பிசிக்ஸ் மச்சான்" எண்டான் குகன்.

"ஓம். சுத்தமான பிசிக்ஸ்" எண்டன் நான்.

எங்கள் ரெண்டு பேரையும் யூனிவர்சிற்றிக்குப் போகவிடாமல் பண்ணினதே பிசிக்ஸ்தான். அதை அந்த நேரம் ஒருத்தரும் ஞாபகப்படுத்தேல்லை.

வீட்டிலயிருந்த ஒரே ஒரு நல்ல ஸ்ரூலில ஓட்டை விழுந்தது. சுகந்தி கொதிதண்ணி விட்டு மாவைக் குழைச்சுக் கொண்டுவந்தா. பஞ்சு மாதிரி மா.

நாங்கள் அளந்தம். குகன் அளந்தான், நான் அளந்தன், ரெண்டு அளவும் வேற வேறயா வந்தது. ஆரின்ர அளவு சரி எண்டு கொஞ்ச நேரம் சண்டை பிடிச்சம். மரக்கட்டையை வெட்டினம். கட்டையாப் போச்சு. வேற வெட்டினம். நெட்டையாப் போச்சு.

"இஞ்சேருங்கோ, மா ஆறுது" எண்டா சுகந்தி.

"கொஞ்சம் பொறும்."

"ஆறினால் இறுகிப்போம். பேந்து பிழியேலாது."

"இறுகட்டும்! லொறியைத் தூக்கிற ஜக் உம்மட மாவுக்குப் பயப்பிடுமோ?"

குகன் சிரிச்சான். நானும் சிரிச்சன். சுகந்தி சிரிக்கேல்லை.

கடைசியாக் கட்டை பொருந்திச்சுது. எங்கட ஹோலுக்கு நடுவில, ஸ்ரூலில இருந்து சீலிங் மட்டும் நேரா ஒரு கோபுரம் மாதிரி எழும்பி நிண்டுது மெஷின். தள்ளி நிண்டு பாத்தன். பக்டரி மெஷினைவிட வடிவு.

அந்த நேரம் மேல 'தடதட' எண்டு சப்பாத்துச் சத்தம்.

பின்னேரம் வாறம் எண்ட மிசிசாகாக்காரர் மத்தியானமே வந்து இறங்கிட்டினம்.

"வந்திட்டினம்! இதைக் கழட்டுங்கோ!" எண்டு சுகந்தி மெல்லமாக் கத்தினா. மெல்லமாக் கத்திற கலை கனடாவில பேஸ்மென்றில இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

"ஒரே ஒரு தட்டுப் பிழிஞ்சிட்டுக் கழட்டிறன்."

"வேண்டாம் எண்டு சொல்லுறன்!"

குகன் ஏற்கனவே தடியை ஆட்டத் தொடங்கிட்டான்.

முதல் ஆட்டுக்கு ஒண்டுமில்லை. இன்னும் கொஞ்சம் ஆட்டினான். உரலின்ர அடியில வெள்ளையா நூல் எட்டிப் பாத்துது!

"வருது! வருது!" எண்டு துள்ளினன்.

சுகந்தியும் தன்னை அறியாமல் தட்டை நீட்டிப் பிடிச்சா. ஒரு சின்னக் கைப்பிடி இடியப்பம் வந்து விழுந்தது. அதோட நிண்டுபோச்சு. மா இறுகிட்டுது.

"பலமா ஆட்டு" எண்டன்.

ஆட்டினான். எங்கயோ 'கிரீச்' எண்டுது.

"ஸ்ரூலோ?"

"ஸ்ரூல்தான். நீ ஆட்டு."

கட்டை கொஞ்சம் சரிஞ்சமாதிரி இருந்தது. சுத்தியலை எடுத்துக் கட்டையில 'டொக்' எண்டு ஒரு அடி. நேராகேல்லை. 'டொக், டொக்' எண்டு இன்னும் ரெண்டு அடி.

பாத்ரூமுக்குள்ள லைற் பத்திச்சுது. நூந்திச்சுது.

நாங்கள் அதைக் கவனிக்கேல்லை. ஆட்டிக்கொண்டே இருந்தம். மா அசையேல்லை. ஆனால் ஜக்கின்ர தண்டு எழும்பிக்கொண்டுதான் இருந்தது. கீழ போகாத தண்டு எங்க போகுது எண்டு ரெண்டு பேரில ஒருத்தராவது யோசிச்சிருக்கலாம்.

இனி மேல் வீட்டில நடந்தது. அன்ரி பேந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வாங்க வந்தது ஒரு புருசனும் பெண்சாதியும், தமிழாக்கள். கூட வந்த இன்ஸ்பெக்ரர் நெட்டையான வெள்ளைக்காரன். கையில ரோச் லைற். பொக்கற்றில ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு. அதை நிலத்தில வைச்சு, வீடு சரிஞ்சிருக்கோ எண்டு பாக்கிறவராம்.

ஹோலில கோலியை வைச்சிருக்கிறார். அது குடுகுடு எண்டு ஹோலின்ர நடுவுக்கு ஓடிப்போய் நிண்டிருக்கு. நடு பதிஞ்சு கிடக்குது எண்டு அர்த்தம்.

"ம்ம்ம்" எண்டாராம் இன்ஸ்பெக்ரர்.

அண்ணை முந்திக்கொண்டு, "கோலி எண்டால் உருளும்தானே" எண்டு சமாளிச்சிருக்கிறார்.

அந்த மனிசன் திரும்பவும் அதே இடத்தில கோலியை வைச்சிருக்கு. இந்தமுறை கோலி அசையேல்லை. அப்பிடியே நிண்டுது.

இன்ஸ்பெக்ரர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு, நடுவில வைச்சுப் பாத்தார். கோலி மெல்ல மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பி உருளத் தொடங்கிச்சுதாம்!

அண்ணைக்குச் சந்தோசம் தாங்கேலாமல் போச்சு. "பாத்தியளோ! ஓட்டமற்றிக்!" எண்டாராம்.

அந்த நேரம் அன்ரியின்ர கண்ணாடி அலுமாரிக் கதவு தானாத் திறந்திருக்கு. உள்ளுக்க இருந்த கோப்பையள் கிலுகிலு எண்டு சத்தம் போட்டிருக்கு. வாங்க வந்த பெண்சாதி பயந்துபோய் வெளியால போக வாசல் கதவை இழுத்திருக்கிறா. கதவு திறக்கேல்லை. புருசனும் சேர்ந்து இழுத்திருக்கிறார். நிலை இறுகிப் பிடிச்சு நிக்குது.

இதுக்குள்ள கீழ 'டொக்' எண்ட சத்தம் கேட்டோடன அன்ரி பழக்கதோசத்தில குசினிக்குள்ள ஓடிப்போய் சுவிச்சைப் போட்டிருக்கிறா. 'டொக் டொக்' எண்டோடன நூத்திருக்கிறா.

"என்ன அன்ரி, போட்டுப் போட்டு நூக்கிறியள்? ஒரு லைற்றும் பத்தேல்லையே?" எண்டு அந்தப் பெண்சாதி கேட்டிருக்கிறா.

இன்ஸ்பெக்ரரும் வந்து சுவிச்சை அமத்திப் பாத்தார். குசினியில ஒண்டும் பத்தேல்லை.

"இது எங்க போகுது?" எண்டு இங்கிலீசில கேட்டார்.

"டவுன்" எண்டாராம் அண்ணை.

"டவுன் எண்டால்?"

"டவுன் பாத்ரூம்."

இன்ஸ்பெக்ரர் நேரா பேஸ்மென்ற் படியால இறங்கி வந்தார்.

அவர் கண்டது இதுதான். ஹோலின்ர நடுவில ஒரு கோபுரம். அதைக் கட்டிப்பிடிச்சபடி வேர்த்து ஒழுக ரெண்டு ஆம்பிளையள். பக்கத்தில, ஒரு தட்டில கைப்பிடி இடியப்பத்தை ஏந்திக்கொண்டு, அழுகிறதோ சிரிக்கிறதோ எண்டு தெரியாத முகத்தோட ஒரு பொம்பிளை.

"என்ன இது?" எண்டார்.

எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு முழுக்க அந்த நேரம் ஆவியாப் போச்சு.

"நூடில்" எண்டன். அது போதாதெண்டு பட்டுது. "நூடில் மேக்கிங்" எண்டன்.

அவர் ஜக்கைப் பாத்தார். கட்டையைப் பாத்தார். அதோட சேத்துச் சீலிங்கைப் பாத்தார். கட்டை முட்டின இடத்தில சீலிங் பலகை பிஞ்சு, உள்ளுக்க மேல் வீட்டைத் தாங்கிற பெரிய வளை மரத்தில போய்ப் பதிஞ்சு நிண்டுது. அவர் ரோச்சை அடிச்சு அந்த மரத்தைக் கொஞ்ச நேரம் பாத்தார். பேந்து குனிஞ்சு எங்கட காப்பெற்றின்ர மூலையை இழுத்து மடிச்சார். ஸ்ரூலுக்குப் பக்கத்தில, சீமெந்தில வட்டமா ஒரு அடையாளம்.

பின்னால வந்து நிண்ட அண்ணையைத் திரும்பிப் பாத்தார்.

"இதில ஒரு இரும்புத் தூண் நிண்டிருக்கு. எங்க அது?"

அண்ணை என்னைப் பாத்தார். நான்தான் அந்தத் தூணைத் திண்டமாதிரி.

"அது... ஹோலுக்கு வடிவில்லாமல் இருந்தது" எண்டார் தமிழில. அதை இங்கிலீசில சொல்லச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"நோ பியூற்றி" எண்டன்.

இன்ஸ்பெக்ரருக்கு முகம் சிவந்துபோச்சு. நிலைமையைச் சுமுகமாக்குவம் எண்டு நினைச்சு, "சொறி சேர், இப்பவே கழட்டிறன்" எண்டு ஜக்கில கையை வைச்சன்.

"டோன்ற் ரச் இற்!"

அவர் போட்ட சத்தத்தில குகன்ர அளவு ரேப் தானாச் சுருண்டு உள்ளுக்க போச்சு.

பேந்து ஆறுதலா விளங்கப்படுத்தினார். தூண் இல்லாமல் அந்த வளை மரம் கனகாலமாத் தொய்ஞ்சு கிடந்ததாம். நாங்கள் அதைத் தூக்கி நிமித்திப்போட்டமாம். இப்ப மேல் வீட்டின்ர பாரம் முழுக்க இந்த ஜக்கிலதான் நிக்குதாம். சடாரெண்டு இறக்கினால் என்ன நடக்குமெண்டு தன்னால சொல்லேலாதாம். தனக்குத் தெரிஞ்ச ஒரு தச்சர் இரும்புத் தூணோட வருமட்டும் இதை ஒருத்தரும் தொடக்கூடாது.

"ஆரும் பக்கத்தில தும்மவும் வேண்டாம்" எண்டார்.

அப்பிடியாக, மேல ஒரு குடும்பமும் கீழ ஒரு குடும்பமும் இருந்த வீட்டை ஒரு இடியப்ப உரல் தாங்கிக்கொண்டு நிண்டுது.

வாங்க வந்த ரெண்டு பேரும் படியில நிண்டு எல்லாத்தையும் பாத்தினம். "யோசிச்சுச் சொல்லுறம் அண்ணை" எண்டு சொல்லிப்போட்டு, முன்கதவு திறக்காதபடியால் பின்கதவால போச்சினம். இன்ஸ்பெக்ரர் மட்டும் தச்சருக்குப் போன் அடிச்சிட்டு நிண்டிட்டார். யோசிச்சுச் சொல்லுறம் எண்டால் என்ன அர்த்தமெண்டு எல்லாருக்கும் தெரியும்.

அண்ணை எங்கட சோபாவில அப்பிடியே இருந்திட்டார்.

"தம்பி, நீர் என்ர வீட்டைத் தூக்கிப்போட்டீர்" எண்டார். கோவமில்லை. ஒரு மனிசன் வைத்தியரிட்டக் கதைக்கிற குரல்.

எனக்கு அதைவிடச் சுகந்தியைப் பாக்கத்தான் ஏலாமல் இருந்தது. அவ கையில இன்னும் அந்தத் தட்டு. இரவு மண்டபம் முழுக்கச் சனம் வரும். இடியப்பம் ஒரு கைப்பிடி. உரல் வீட்டுக்கடியில. இந்த ரகளைக்குப் பிறகு எங்களை ஆர் இந்த வீட்டில வைச்சிருக்கப்போகினம்? கடைக்குப் போயிருந்தால் இதுக்குள்ள திரும்பி வந்து படுத்துக் கிடந்திருப்பன்.

"சுகந்தி..." எண்டன்.

"ஒண்டும் பறையாதேங்கோ" எண்டா. "வாயைத் திறந்தால் நீங்கள் இன்னொண்டு கண்டுபிடிப்பியள்."

அந்த நேரம் மேல படியில நிண்டு அன்ரி கூப்பிட்டா.

"பிள்ளை, என்னட்டை மர உரல் கிடக்குது. மாவும் கிடக்குது. மேல வா, ரெண்டு பேருமாப் பாப்பம்."

"என்ர கை ஏலாது அன்ரி."

"எனக்குத் தோள்மூட்டு ஏலாது. அதுக்கென்ன? ஆம்பிளையள் மூண்டு பேர் நிக்கினம்தானே. வீடு இடிக்கிற பெலனை மாவில காட்டட்டும்."

இப்பிடித்தான் நாங்கள் மூண்டு பேரும் அன்ரியின்ர குசினிக்குள்ள கொண்டுபோய் நிறுத்தப்பட்டம்.

சுகந்தி புது மாவைக் கொதிக்கக் கொதிக்கக் குழைச்சுத் தந்தா. நான் அமத்தினன். பேந்து குகன் அமத்தினான். பேந்து அண்ணை. அண்ணை அமத்தின அமத்தலைப் பாத்து நான் ஒரு அடி பின்னால தள்ளி நிண்டன். உரலுக்குள்ள மா இருக்கெண்டு அவர் நினைக்கேல்லை. என்ர கழுத்து இருக்கெண்டுதான் நினைச்சவர்.

"சுத்திப் பிழியுங்கோ. ஒரே இடத்தில குவிக்காதேங்கோ" எண்டு சுகந்தி பின்னால நிண்டு அதட்டினா.

குகன் ஒரு இடியப்பத்தை எடுத்து ரேப்பால அளந்தான். அன்ரி ரேப்பைப் பறிச்சு அலுமாரிக்கு மேல வைச்சா.

கீழ தச்சர் வந்து வேலை தொடங்கினார். அவர் சுத்தியலால ஒரு அடி அடிக்க அன்ரி ஓடிப்போய் சுவிச்சைப் போட்டா. ரெண்டு அடி அடிக்க நூத்தா. கொஞ்ச நேரத்தில தச்சர் மேல வந்து, பாத்ரூமுக்குள்ள பேய் ஏதும் இருக்கோ எண்டு பணிவாக் கேட்டிட்டுப் போனார்.

என்ர கையில தோல் உரிஞ்சுபோச்சு. அப்பத்தான் எனக்கு ஒண்டு விளங்கிச்சுது. இந்த வேலையைச் சுகந்தி ஒவ்வொரு கிழமையும் செய்யிறவ. நான் இவ்வளவு காலமும் மேசையில இருந்துகொண்டு, "இண்டைக்கு நூல் கொஞ்சம் தடிப்பு" எண்டு சொல்லிச் சொல்லித் திண்டிருக்கிறன்.

வெயில் சாயிற நேரம் தூண் நிண்டுது. நல்ல தடிச்ச இரும்புத் தூண், எங்கட ஹோலின்ர நட்டநடுவில, ரீவியைப் பாதி மறைச்சுக்கொண்டு. ஜக்கை மெல்ல மெல்ல இறக்கிக் கழட்டிச்சினம். வீடு அசையேல்லை. வாசல் கதவும் திறந்திச்சுது. உரலைத்தான் ஒண்டும் செய்யேலாமல் போச்சு. உள்ளுக்க இருந்த மா சீமெந்து மாதிரி இறுகிக் கிடந்தது.

இன்ஸ்பெக்ரர் இன்னொருக்காக் கோலியை வைச்சுப் பாத்தார். கோலி வைச்ச இடத்திலயே நிண்டுது.

"இப்ப இது நல்ல வீடு" எண்டார்.

அண்ணை கோலியைக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பேந்து அன்ரியைப் பாத்தார்.

"நல்ல வீடு எண்டால் நாங்கள் ஏன் விக்கிறம்?"

"அதைத்தானே நானும் அப்ப தொடக்கம் கேக்கிறன்" எண்டா அன்ரி.

அண்ணை என்ர பக்கம் திரும்பினார். "நீரும் இரும். உம்மை வெளியால விட்டால் வேற ஆக்களின்ர வீட்டையும் தூக்குவீர்."

சுகந்தி மூச்சை விட்டா. காலமைக்குப் பிறகு அண்டைக்கு அப்பத்தான் அவ என்னைப் பாத்துச் சிரிச்சது. முழுச் சிரிப்பில்லை. ஒரு அரைவாசி.

பெட்டியள் நிறைய இடியப்பம் அடுக்கியாச்சு. நேரமும் இருந்தது. வீட்டுக்கு வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்பிற பழக்கம் அன்ரிக்கு இல்லை. இன்ஸ்பெக்ரரைப் பிடிச்சு மேசையில இருத்தி, ஒரு கோப்பையில இடியப்பமும் சொதியும் சம்பலும் போட்டுக் குடுத்தா.

அந்த மனிசன் முதல் முள்ளுக்கரண்டியால குத்தினார். நூல் வழுகி வழுகி விழுந்தது. குகன் கையால குழைச்சுக் காட்டினான். அவரும் கையை வைச்சார். சம்பல் உறைப்பில கண்ணால தண்ணி ஓட ஓட இன்னும் போடச் சொல்லிக் கோப்பையை நீட்டினார்.

முடிச்சு, கையைக் கழுவி, வாயைத் துடைச்சுக்கொண்டு சுகந்தியிட்டக் கேட்டார்:

"இவ்வளவு மெல்லிசா, இவ்வளவு நிறைய! இதுக்கு வீட்டில என்ன மெஷின் வைச்சிருக்கிறியள்?"

சுகந்தி என்னை விரலால காட்டினா. எனக்கு வராத இங்கிலீசு அவவுக்கு வடிவா வந்தது.

"இதுதான். சத்தம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் அமத்தினால் வேலை செய்யும்."